கறுப்புக் கோட்டுக்கு மேலே ஒரு மாம்பழ மஞ்சள்

வெயில் நாட்டிலிருந்து குளிர் நாட்டுக்கு வந்தவர்களின் துணி அலமாரி இரண்டு வருஷத்துக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. கறுப்புக் கோட்டு, கறுப்புப் பேன்ட், சாம்பல் நிற ஸ்வெட்டர், கருநீலத்தில் ஒன்றிரண்டு. அழுக்குத் தெரியாது, எதோடும் சேரும், ரயிலில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூன்றும் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் பெட்டியில் கொண்டுவந்த கிளிப்பச்சையும் வாடாமல்லியும் மடிப்புக் கலையாமல் அடித்தட்டிலேயே கிடக்கும். என்றாவது எடுத்துப் போட்டுப் பார்த்தால் என்னவோ உறுத்தும். “இந்த ஊருக்கு இது சரிவராது” என்று மறுபடி உள்ளே போய்விடும்.

அந்த உறுத்தலுக்குக் காரணம் நிறம் மட்டுமல்ல. வெளிச்சமும் பக்கத்தில் இருப்பதும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய குளிர்காலப் பகலில் அது சில ஆயிரங்களுக்கு இறங்கிவிடும். அலுவலக மேசைக்கோ 500 லக்ஸ் என்பதுதான் வழக்கமான கணக்கு. வெளிச்சம் குறையக் குறைய நிறத்தின் செழுமையும் கண்ணுக்குக் குறைந்து தெரியும். ஆக, வெயிலில் கண்ணைப் பறித்த அதே பச்சை இங்கே அடங்கித்தான் போயிருக்கிறது. இருந்தும் தூக்கலாகத் தெரிவதற்குக் காரணம், சுற்றிலும் இருப்பதெல்லாம் கறுப்பும் சாம்பலும் என்பதே. பாரிஸின் கோபெலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுக்கின்றன என்று கண்டுபிடித்து, 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். உடையிலும் அதே கதைதான். நிறத்தைத் தனியாக எடைபோட முடியாது. எதன் பக்கத்தில், எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு என்பதற்குப் புடவையைவிட நல்ல அளவுகோல் இல்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தானையில் கொஞ்சம் துள்ளல். அதே விகிதத்தைக் கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் கொண்டுவாருங்கள். கறுப்போ கருநீலமோ உடலாக இருக்கட்டும். உள்ளே போடும் ஸ்வெட்டரும் சட்டையும் கரை. கழுத்துத் துண்டு, தொப்பி, கையுறை, காலுறை இவற்றில் ஏதோ ஒன்று முந்தானை. நான்கிலும் நான்கு நிறம் வேண்டாம். அங்கேதான் பலருக்குப் பிசகுகிறது. தொப்பியும் கழுத்துத் துண்டும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் மற்றவை அடக்கமாக இருக்கலாம்.

முதலில் வாங்க வேண்டியது கழுத்துத் துண்டு. ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது போதும். ஒரு சுற்றுச் சுற்றிக் கோட்டுக்குள் செருகினால் தாடைக்குக் கீழே ஒரு கையகலம்தான் வெளியே தெரியும். நிறம் பழகுவதற்கு அந்தக் கையகலம் சரியான அளவு. கூச்சமாக இருந்தால் உள்ளே தள்ளிக்கொள்ளலாம், தைரியம் வந்தால் வெளியே விடலாம். எடுத்த எடுப்பில் சிவப்புப் பேன்ட் வாங்குகிறவர்கள் அதை இரண்டாம் முறை போடுவது அபூர்வம். முகத்துக்கு எட்டத்தில் இருக்கும் நிறம் முகத்துக்கு ஒன்றும் செய்யாது, கவனத்தை மட்டும் கீழே இழுக்கும்.

எந்த நிறம் என்று கடைக் கண்ணாடி முன்னால் முடிவெடுக்காதீர்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெளியே வந்ததும் வேறு வேறாகிவிடும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கி, வீட்டில் பகல் பதினொரு மணிவாக்கில் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், விளக்கை அணைத்துவிட்டு. துணியைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணை மூடித் திறங்கள். முதலில் கண்ணில் படுவது முகமா, துணியா? துணி என்றால் அந்த நிறம் உங்களை முந்துகிறது. கண்ணுக்குக் கீழே உள்ள நிழலையும் உதட்டோரத்தையும் கவனியுங்கள். பொருந்தாத நிறத்தில் அவை கருத்துத் தெரியும், பொருந்துவதில் லேசாகும். மாநிறத்துக்கும் கறுத்த மேனிக்கும் நடுத்தரச் சாம்பலும் மங்கிய மணல் நிறமும்தான் பெரும்பாலும் சோபையைக் குறைக்கின்றன. பாதுகாப்பு என்று நாம் நம்பி வாங்குவதும் அவற்றைத்தான்! மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நிறம், வாடாமல்லி, அரக்கு போன்ற ஆழமான நிறங்கள் நம் தோலுக்கு எடுப்பாக இருக்கும். வெளிறிய நிறம் பிடிக்கும் என்றால் நன்றாக வெளிறியதாகவே எடுங்கள். இரண்டுங்கெட்டான்தான் சிக்கல்.

இன்னொரு சோதனை: போட்டிருக்கும் உடையைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். கழுத்துத் துண்டும் கோட்டும் ஒரே இருட்டாகத் தெரிந்தால் அந்த நிறம் தூரத்தில் காணாமல் போய்விடும். கறுப்பின் மேல் கத்தரிப்பூ நிறமும் கருநீலத்தின் மேல் கரும்பச்சையும் இப்படித்தான் ஏமாற்றும். மங்கிய வெளிச்சத்தில் சிவப்புதான் முதலில் கறுக்கும், நீலமும் பச்சையும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். நாலு மணிக்கே இருட்டும் ஊரில் அரக்கு நிறத் துண்டு வீடு திரும்பும்போது வெறும் கறுப்பு. கறுப்புக்கு மாம்பழ மஞ்சள், கருநீலத்துக்குச் செங்கல் நிறம், கரிச்சாம்பலுக்கு வாடாமல்லி என்று தொடங்கினால் தவறாது. (நிறம் போட்டிருக்கிறோம், இருட்டில் வண்டிக்காரருக்குத் தெரிவோம் என்று நம்பிவிட வேண்டாம். பளீரென்ற ஒளிர்நிறம்கூடப் பகலில்தான் வேலை செய்யும். இரவில் உதவுவது முகப்பு விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பட்டை மட்டும்.)

நிறத் துணியைக் கைவிட வைக்கும் இன்னொரு காரணம் சலவை. ஒரு சிவப்புச் சட்டை எல்லாவற்றையும் ரோஜா நிறமாக்கிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் சிவப்புக்கு இடமில்லை. புதுத் துணியைப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை ஈரமாக்கிப் பிழிந்து, உள்பக்கத் தையலோரத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். ஆய்வுக்கூடத்திலும் வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்துத்தான் பார்க்கிறார்கள், உலர்ந்ததில் ஒன்று, ஈரத்தில் ஒன்று. நிறம் ஏறினால் முதல் மூன்று நான்கு சலவை தனியாக. பருத்தியில் ஒட்டாமல் மிஞ்சிய சாயம்தான் அப்படி வெளியேறுகிறது. உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் அது நிற்காது. உப்புக்கு வேலை சாயத் தொட்டியில்தான், துணி தயாரான பிறகு இல்லை. அப்புறம் உள்வெளியாகத் திருப்பி, 30 டிகிரியில், நிறத் துணிக்கான திரவ சோப்பில் துவையுங்கள். வெள்ளைத் துணிக்கான பவுடரில் வெளுப்பான் இருக்கும், நாளடைவில் நிறத்தைத் தின்றுவிடும். கம்பளிக்கும் பட்டுக்கும் அவற்றுக்கென்றே உள்ள சோப்பு வேண்டும். சாதாரண சோப்பில் உள்ள புரதம் கரைக்கும் நொதி அந்த இழைகளையும் அரிக்கும். சாயம் பிடித்துவிட்டதா? உலர்த்தாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே பாழான துணியைத் தனியாக மறுபடி துவைத்தால் பாதிக்குமேல் போய்விட வாய்ப்புண்டு. உலர்த்தி இயந்திரத்தின் சூட்டில் ஒருமுறை ஏறிவிட்டால் கஷ்டம். கோட்டுக் காலரையும் அதே ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். புதுக் கறுப்புக் காலர் மஞ்சள் துண்டில் கறை இழுக்கும்.

மனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். முதல் நாள் யாராவது ஒருவர் கேட்பார், “இன்று ஏதாவது விசேஷமா?” என்று. “இல்லை, பிடித்திருந்தது, போட்டேன்” என்பது போதும். அதே துண்டை வாரம் இரண்டு நாள், மூன்று வாரம் போடுங்கள். அதற்குள் அது அவர்கள் கண்ணுக்குப் பழகி, உங்கள் அடையாளமாகிவிடும். நேர்முகத் தேர்வு, முதல் நாள் வேலை என்று ஏற்கெனவே படபடப்பான நாளில் புது நிறத்தைச் சோதிக்க வேண்டாம். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போதும். முதல் நிறம் பழகியபின் அதன் பக்கத்து நிறத்தில் ஒரு ஸ்வெட்டர், அடுத்த மாதம் காலுறை. ஒரே நாளில் மூன்று நிறத் துணி வாங்கினால் எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று கடைசிவரை தெரியாது.

நிறக் கோட்டு வாங்குவதை இரண்டாவது குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அதிகம் போட்ட கழுத்துத் துண்டைக் கையோடு எடுத்துப் போய், கோட்டின் மேல் வைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.