சுருளி தோல் உரிக்கிறாள்

மார்ச் 8
சுருளி இன்று வந்து சேர்ந்தாள். கர்லி ஹேர் டாரண்டுலா. ஹோண்டுராஸ், நிகரகுவா பக்கத்துச் சிலந்தி. உடம்பெல்லாம் பொன்னிறச் சுருள் முடி. பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், பார்ப்போம். பெட்டியில் தேங்காய் நார்த்தூளை அமுக்கி அமுக்கிப் பாதிக்கு மேல் நிரப்பியிருக்கிறேன். உயரமான கண்ணாடித் தொட்டி பார்க்க அழகுதான்; ஆனால் தரையில் வாழும் சிலந்திக்கு உயரம்தான் எமன். ஏறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். தூளுக்கும் மூடிக்கும் நடுவே, அது கால் விரித்து நிற்கும் அகலத்தில் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். பதுங்க ஒரு மரப்பட்டை, ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். வெப்ப விளக்கெல்லாம் வேண்டாம்.

மார்ச் 15
முதல் சாப்பாடு. அவள் வயிற்றைவிடச் சின்னதாக ஒரு கிரிக்கெட் பூச்சி. எட்டுக் கண் இருந்தும் பார்வை சுமார்தான். தரையின் அதிர்வை வைத்துத்தான் எல்லாம். பூச்சி நடந்தது, நின்றது, மறுபடி ஓர் அடி வைத்தது. அவள் பாய்ந்ததே தெரியவில்லை. வாயில் இருந்ததுதான் தெரிந்தது.

மார்ச் 22
வருகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "கையில் எடுக்கலாமா?" எடுக்க மாட்டேன். அவளுக்கு அதில் ஒரு சுகமும் இல்லை. பயந்து கையை உதறினால் போச்சு. கிண்ணத்தை எடுக்கக்கூட நீள இடுக்கிதான். அதற்கே இன்று பின்பக்கத்தைத் திருப்பி, பின்னங்காலால் வயிற்றை விறுவிறுவென்று தேய்த்தாள். அந்த முடி பறந்து தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

மே 2
சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். வயிற்றில் முடி உதிர்ந்து வெளிறியிருந்த இடம் இப்போது கறுத்துப் பளபளக்கிறது. உள்ளே புது முடி தயார். தின்னாத பூச்சியை வெளியே எடுத்துவிட்டேன். தோல் உரிக்கும் நேரத்தில் அது இவளைக் கடித்துவிடும்.

மே 19
மல்லாந்து கிடக்கிறாள்! தெரிந்திருந்தாலும் பகீரென்றது. சாகிற டாரண்டுலா பெரும்பாலும் இப்படிக் கிடக்காது, குப்புறக் கால்களை உடம்புக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். காலை மடக்கத் தசை உண்டு. நீட்டுவது பெரும்பாலும் உடம்புக்குள் ஓடும் திரவத்தின் அழுத்தம். அது குறைந்தால் கால் தானாக மடங்கிவிடும். பெட்டியைத் தொடவே இல்லை. முதலில் மேல் ஓடு கழன்றது. அப்புறம் கையுறையிலிருந்து விரலை உருவுவது போல, எட்டுக் காலையும் ஒன்றாக, மெல்ல மெல்ல.

மே 20
உரித்த தோல் நச்சுப்பல் உட்பட முழுச் சிலந்தியாகவே இருக்கிறது. அவளுடைய புதுப் பல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, இன்னும் கெட்டியாகவில்லை. கறுக்கும்வரை சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். தோலை நீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை விரித்து உருப்பெருக்கியில் பார்த்தேன். விந்தைச் சேர்த்துவைக்கும் பை இருக்கிறது. பெண்ணேதான்! அப்படியானால் 20 ஆண்டுகூட இருப்பாள். ஆண்களுக்குப் பாவம், பருவமடைந்தபின் அவ்வளவு ஆயுள் இல்லை.

ஜூன் 4
பல் கறுத்துவிட்டது. பூச்சியைப் போட்ட உடனே பிடித்தாள். இரவோடு இரவாகத் தூளைத் தோண்டி, அத்தனையையும் தண்ணீர்க் கிண்ணத்தில் கொட்டி வைத்திருக்கிறாள். கழுவி மறு மூலையில் வைத்திருக்கிறேன். அங்கேயும் கொட்டத்தான் போகிறாள்.