ரத்தத்தில் ஒரு தலை

நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் ஒரு படம் காட்டினேன். இங்கிலாந்துச் சிற்பி மார்க் குவின் 1991இல் செய்த தன் தலை. செய்த பொருள் அவருடைய சொந்த ரத்தம், சுமார் நாலரை லிட்டர். ஐந்து மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து, அச்சில் ஊற்றி உறைய வைத்திருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தா நாலு உயிராவது பிழைச்சிருக்கும்" என்றார் அம்மா. வேலூர்க்காரர் வேறு எப்படிப் பேசுவார்!

அதிர்ச்சிக்காகவே செய்யும் கலை எனக்கும் அலுத்துவிட்டது. இத்தாலியக் கலைஞர் கட்டேலான் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் 2024 ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. அதில் விலைதான் அதிர்ச்சி, பழம் இல்லை.

ஆனால் குவினின் தலையைத் தள்ளிவிட முடியவில்லை. சின்ன வயதில் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா பார்த்தது ஞாபகம் வந்தது. காளி வேடக்காரர் எலும்பைப் பல்லில் கடித்தபடி நேராக என்னைப் பார்த்து வந்தார். அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அடுத்த வருஷம் நானேதான் அடம்பிடித்துக் கூட்டிப் போகச் சொன்னேன். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சாவு பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனது. குவினின் தலையும் அப்படித்தான். எந்நேரமும் குளிர்பதனப் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் உருகிவிடும்.

இதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "அப்போ கரண்ட் போனா?"