லோஹகட் ஏறிய செஞ்சிக்காரன்

மும்பைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. முலுண்டில் வீடு, அந்தேரியில் வேலை, ஞாயிறானால் மாட்டுங்கா போய் டிபன் சாப்பிட்டுவிட்டு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வருவது, அவ்வளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸில் பக்கத்து சீட் மராத்திக்காரர் மழைக்காலம் வந்தால் சனிக்கிழமை மலைக்கோட்டை ஏறக் காணாமல் போவார், திங்களன்று முட்டியில் பிளாஸ்திரியோடு வருவார். போன வருஷம் பூரா கிண்டல் செய்தேன். இந்த வருஷம் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். லோணாவ்ளா பக்கத்து லோஹகட் கோட்டைக்கு.

இரண்டு வாரம் லிஃப்டைத் தொடாமல் பதினோரு மாடி ஏறிப் பழகினேன். முதல் நாள் ஆறாவது மாடியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் நடித்தேன்.

தாணேயில் இந்திராயணி எக்ஸ்பிரஸ் பிடித்தோம். கர்ஜத்தில் மலையேற்றத்துக்காகப் பின்னால் கூடுதல் இன்ஜின் மாட்டுவார்கள், அதற்குள் ரயிலே இறங்கி வடாபாவுக்குப் பாய்கிறது. லோணாவ்ளாவில் இறங்கி புனே லோக்கல் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மளவ்லி, அங்கிருந்து நடைதான்.

பாஜே ஊரில் குழுவில் வந்த எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து பெயர், ஊர் சொல்லச் சொன்னார்கள். தாதர், தாணே, டோம்பிவ்லி என்று வந்துகொண்டிருந்தது. நான் ‘செஞ்சி’ என்றேன். யாருக்கும் புரியவில்லை. தமிழ்நாட்டில், கோட்டை உள்ள ஊர் என்று இழுத்ததும் பின்னாலிருந்த அறுபது வயதுக் காகா (மராத்தியில் சித்தப்பா) ஒருவர், “ஜிஞ்ஜியா!” என்று கத்தினார். அதோடு என் பெயரை யாரும் கேட்கவில்லை. இங்கே தமிழன் என்றாலே ‘அண்ணா’தான், அந்தக் காகாவுக்கும் நான் அண்ணா!

லோஹகடுக்கும் பக்கத்துக் கோட்டையான விசாபூருக்கும் நடுவிலுள்ள கணவாய் வரை ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. படிக்கட்டில் மழைத்தண்ணீர் ஓடை மாதிரி கணுக்காலைத் தாண்டி ஓடுகிறது. நான் போட்டிருந்தது ஜாகிங் ஷூ, அடிப்பாகம் தேய்ந்தது. இரண்டாவது வாசலுக்கு முன்னால் சர்ரென்று வழுக்கி, உட்கார்ந்தபடியே மூன்று படி இறங்கினேன். சிரித்துவிட்டு, அப்புறம்தான் கை கொடுத்தார்கள். குதிகாலை முதலில் வைக்காதே, பாதம் முழுக்கப் பதித்து முட்டியை லேசாக மடக்கு, பாசி படிந்த பச்சைக் கல்லை விட்டுவிட்டுச் சொரசொரப்பான கல்லாகப் பார்த்து மிதி என்று காகா சொல்லித்தந்தார். இறங்கும்போது அதுதான் காப்பாற்றியது.

காகாவோடு பேசிக்கொண்டே போனதில் தெரிந்தது, அவருக்கு எங்கள் ஊர் என்னைவிட நன்றாகத் தெரியும். 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தது, பிறகு மகன் ராஜாராம் அங்கே போய் இருந்துகொண்டு மொகலாயர் முற்றுகையை 1698 வரை தாக்குப்பிடித்தது எல்லாம் சொன்னார். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் லோஹகடும் உண்டு, செஞ்சியும் உண்டு, மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது அது ஒன்றுதான் என்றார். பதிலுக்கு நான் தேசிங்கு ராஜன் கதையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்தது அதுதானே.

தேள் கொடுக்கு மாதிரி நீண்டு கிடக்கும் விஞ்சுகாட்டா முனைக்குப் போனோம். பவனா அணை அழகாகத் தெரியும் என்றார்கள். ஒரே மூடுபனி, முன்னால் போனவரின் பிளாஸ்டிக் கோட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கீழே லோஹகட்வாடியில் பாக்ரி என்ற தானிய ரொட்டியும் பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பும். மனைவி கட்டித்தந்த புளிசாதம் என் கைக்கு வரும்முன் டப்பா காலி.

ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தபோது காகா கேட்டார்: “உங்க செஞ்சிக் கோட்டையில ராஜகிரி மலை உச்சிக்குக் கிட்டே ஒரு பிளவைப் பாலம் வழியாகத் தாண்டணுமாமே, பயமா இருக்குமா அண்ணா?” ஒன்பதாம் வகுப்பில் டூர் போனபோது கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவன் நான். சும்மா தலையாட்டி வைத்தேன்.

அடுத்து ராஜ்மாச்சி கோட்டை என்று குழுவில் பேச்சு. அதற்குள் நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்க வேண்டும், மாற்று சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போக வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். பாலத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் காகா.