பஞ்சு மாதிரி ஆகிப்போன பிரேக் பெடல்: மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கும்போதுதான் முதலில் தெரிந்தது. அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகள் தாண்டியதும் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போனது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பிடித்தது. இரண்டாவது கியருக்கு மாற்றி, மெதுவாக ஊர்ந்து அடிவாரம் வந்து, ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டேன். பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். அன்று வீடு வந்து சேர்ந்தபின், இதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

வண்டி 2008 மாடல் சின்னக் கார். பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனில் சொன்னேன். "மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும் தம்பி, மாத்திடலாம்" என்றார். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பகுதி அது. இருக்கலாம். ஆனால் காசு போட்டு மாற்றுவதற்கு முன் அதுதானா என்று பார்த்துவிட நினைத்தேன். பெடல் இறங்குகிற விதமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

முதல் ஞாயிறு. எஞ்சின் ஓடாத நிலையில் ஐந்து முறை மிதித்து, மிதிக்கிற விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் மிச்சமிருந்த வெற்றிடத்தைத் தீர்த்தேன். பிறகு பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்ததும் பெடல் லேசாகக் கீழே இறங்கியது. பூஸ்டர் நன்றாக வேலை செய்கிறது. அடுத்து, அதே அழுத்தத்தில் ஒரு நிமிடம் காலை எடுக்காமல் வைத்திருந்தேன். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் பின்பக்கம் நழுவினால், பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கிப் போகும். இங்கே அசையவே இல்லை. ஆனால் முதல் மிதியில் ஆழமாகவும், அடுத்தடுத்து மிதித்தால் மேலேயும் நின்றது. ஆயில் போகும் லைனில் காற்று இருந்தாலோ, பின் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்துகிற ஷூவுக்கும் இடைவெளி கூடிப்போனாலோ இப்படித்தான் நடக்கும்.

ஒரு அளவும் எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பெடலை நன்றாக அழுத்தினால், தரையிலிருந்து 35 மில்லிமீட்டர்தான் மிச்சம். இதை எழுதி வைத்ததால்தான் பின்னால் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு பலன் என்று தெரிந்தது.

ஆயில் டப்பாவைத் திறந்தால் டிகாஷன் நிறம். கடைசியாக எப்போது மாற்றினேன் என்று நினைவில்லாத அளவுக்குப் பழையது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 3 ரக ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரி. மலை இறக்கத்தில் டிஸ்க் சூடேற, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்க வேண்டும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். காலில் தெரிந்த பஞ்சுத்தன்மை அதுதான்.

சரி, மொத்த ஆயிலையும் மாற்றி ஏர் எடுக்க, அதாவது லைனிலுள்ள காற்றை வெளியேற்ற, மச்சானைக் கூப்பிட்டேன். அவர் பெடலில், நான் சக்கரத்தருகே. "அழுத்து மச்சான்." "அழுத்திட்டேன் மாப்ள." காற்றும் ஆயிலும் வெளியேறும் நிப்பிளைத் திறந்து, மூடி, "விடு" என்று சொன்னபிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முந்தினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி, முன் வலதில் முடித்தேன். வரிசை வண்டிக்கு வண்டி மாறும், அதனால் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் தொடாத பகுதியில் துரு பிடித்திருக்கும். பெடலைத் தரைவரை தள்ளினால் ரப்பர் அதில் உரசிக் கிழியும். நல்ல மாஸ்டர் சிலிண்டரை நாமே கெடுப்பது போலாகிவிடும்.

ஒரு லிட்டர் புது ஆயில் போனது. அளவு 35-லிருந்து 50 ஆனது. முன்னேற்றம்தான். ஆனாலும் முதல் மிதி இன்னும் ஆழமாகவே இருந்தது.

இரண்டாவது ஞாயிறு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகிற ரப்பர் ஹோஸை மழுங்கிய முனையுள்ள கிளாம்ப்பால் அழுத்தி மூடிப் பார்த்தேன். முன் இரண்டையும் மூடியபோது பெரிய மாற்றமில்லை. பின் இடதை மூடியதும் பெடல் சட்டென்று கெட்டியானது. பின் வலதை மூடியபோது கொஞ்சம். இந்த ஒரு சோதனைதான் வேலையின் திசையையே மாற்றியது.

டிரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதிலுள்ள திருகுத் துளைகளில் இரண்டு போல்ட் போட்டு, மாற்றி மாற்றி முடுக்கிக் கழற்றினேன். உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடக் கூடாது, மூச்சுக்குக் கெடுதல். பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாகவே துடைத்தேன். ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கினால் உள்ளே ஈரம். வெளியே சொட்டாத கசிவு, அதனால்தான் டப்பாவில் அளவு குறைந்ததே தெரியவில்லை. அதைவிட முக்கியமானது, ஷூ தேயும் அளவுக்கு அதைத் தானாகத் தள்ளிக்கொடுக்கும் அட்ஜஸ்டர் துருவில் இறுகி நின்றிருந்தது. ஷூ தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போயிருக்கிறது. வலதுபுறத்தில் கசிவு இல்லை, ஆனால் அட்ஜஸ்டர் அங்கேயும் சிக்கித்தான் இருந்தது.

இரண்டு பக்கமும் புது வீல் சிலிண்டர், புது ஷூ. அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் லேசாகத் தடவினேன். ஹேண்ட்பிரேக் கேபிளை முதலில் தளர்த்திவிட்டு, டிரம்மைச் சுற்றினால் ஷூ மெல்ல உரசுகிற அளவுக்கு இடைவெளி வைத்தேன். அப்புறம் மறுபடி ஏர் எடுத்து, கடைசியில் கேபிளை முடுக்கினேன். முன்பு 11 'கிளிக்' போன ஹேண்ட்பிரேக் இப்போது 6-லேயே பிடிக்கிறது. பெடல் அளவு 78 மில்லிமீட்டர். முதல் மிதியிலேயே கெட்டி.

தெருவில் நடை வேகத்தில் பத்துப் பதினைந்து முறை பிரேக் போட்டுப் பார்த்து, நிப்பிள்களில் கசிவு இல்லை என்று உறுதி செய்தபின், மூன்றாவது ஞாயிறு நானும் மச்சானும் மட்டும் ஏற்காடு போனோம். இரண்டாவது கியரில் இறங்கினோம். அடிவாரத்தில் நிறுத்தி அளந்தேன், அதே 78. மச்சானையும் மிதித்துப் பார்க்கச் சொன்னேன்.

மாஸ்டர் சிலிண்டர் பழையதே தொடர்கிறது. கிளாம்ப் போட்ட ஹோஸ்களில் முன் இரண்டிலும் வளைகிற இடத்தில் மெல்லிய வெடிப்புகள் இருக்கின்றன. நான்குக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மாற்றி இன்னொரு முறை ஏர் எடுக்க வேண்டும். அதுவரை அம்மாவும் பிள்ளைகளும் பஸ்ஸில்தான்.