வாசிகசாலைப் பின்னறையில் ஒரு நூதனசாலை: ஒரு வருடக் கணக்கு

போன வருடம் ஆனியில் வாசிகசாலைக் கூட்டத்தில், பின்னறையைத் துப்புரவாக்கினால் ஊரிலுள்ள பழைய சாமான்களை வைக்கலாமே என்று வாயை விட்டவன் நான்தான். விட்ட வாய்க்குத் திறப்பும் என் கையிலேயே வந்தது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வாவிக்குக் கிட்ட. 1978 சூறாவளி, வெள்ளங்கள், இடப்பெயர்வு எல்லாம் தாண்டி வீடுகளில் மிஞ்சினவை இரண்டு கிழமைக்குள் வந்து குவிந்துவிட்டன: மரைக்கால், திருகை, பாக்குவெட்டி, மீன்பிடிக் கரப்பு, வெற்றிலை வட்டா, ஓலைச்சுவடி ஒரு கட்டு, கூத்துப் பாட்டு எழுதின சீ.ஆர். கொப்பி மூன்று, வடமோடிக் கூத்தில் ஆடுபவர் இடுப்பில் கட்டும் கூடுபோல விரிந்த கரப்புடுப்பு ஒன்று, தலையில் வைக்கும் முடி (கிரீடம்) ஒன்று.

முதல் வேலையாக வட்டாவைக் கெடுத்தேன். பித்தளை கறுத்துப்போயிருக்கிறதே என்று புளியும் சாம்பலும் போட்டு அரை நாள் தேய்த்து, பொன்போல மினுக்கி மேசையில் வைத்தேன். அதைத் தந்த மாமி வந்து கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் எங்க மருமகன்?" விளிம்பில் அவருடைய பெத்தாவின் (பாட்டியின்) பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்ததாம், சீதனமாகக் கொடுத்தபோது வெட்டின பெயர். பாவித்துப் பாவித்துத் தேய்ந்த எழுத்து அது. குழிக்குள் தங்கியிருந்த கறுப்பினால்தான் இவ்வளவு காலமும் வாசிக்க முடிந்திருக்கிறது, நான் அந்தக் கறுப்பையும் சேர்த்து எடுத்துவிட்டேன். இரவில் அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்துப் பார்த்தபோது புள்ளிகளின் நிழல் விழுந்தது. ஐந்தெழுத்தில் நான்கு கிடைத்தது. ஐந்தாவதை மாமி வாயால் சொல்லி நான் எழுதினேன். அதற்குப் பிறகு காய்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டுவதைத் தவிர எந்த உலோகச் சாமானையும் தொடுவதில்லை.

பதிவேடு தொடங்கியதும் அந்த இரவில்தான். இலக்கம், தந்தவர், அன்பளிப்பா இரவலா, யார் எதற்குப் பாவித்தது, வீட்டில் அதை என்ன பெயரால் சொல்வார்கள் என்று ஐந்து நிரல். ஒரே சாமானுக்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் சொன்னால் மூன்றையும் எழுதுகிறேன், எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இலக்கத்தைச் சாமானில் எழுதாமல் துண்டில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலால் கட்டுகிறேன். பென்சில் ஈரத்தில் ஊறாது. நகப்பூச்சு பூசி அதன்மேல் எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது, ஆனால் அது காலப்போக்கில் மஞ்சளாகி உரியும் என்பதால் விட்டேன்.

காட்சிக்கு வைப்பது பற்றிக் காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலையைப் போய்ப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. அங்கே ஆளுயர உருவங்களை வைத்து அந்தக் காலத்து வாழ்க்கையைக் காட்டியிருக்கிறார்கள். எங்களிடம் உருவம் செய்யக் காசில்லை. சரி, வட்டாவை மேசையிலிருந்து இறக்கிப் பன்பாயில் வைத்து, பக்கத்தில் பாக்குவெட்டியையும் படிக்கத்தையும் வைத்தேன். இப்போது வயதானவர்கள் வந்தால் தாங்களாகவே கீழே குந்திக் கதை சொல்லத் தொடங்குகிறார்கள், நான் கொப்பியோடு பக்கத்தில் குந்துகிறேன்.

அப்புறம் மாரி வந்தது. ஈரப்பதமானி ஒன்று மலிவாக வாங்கியிருந்தேன், அது சரியா பிழையா என்று பார்க்க ஒரு சின்ன வித்தை இருக்கிறது: போத்தல் மூடியில் உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விட்டு (கரையக் கூடாது, சேறுபோல நிற்க வேண்டும்), மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பைக்குள் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. ஆகவே எப்போதும் 6 கூட்டி வாசிக்கிறேன். கார்த்திகை கடைசியில் கூட்டி வந்த கணக்கு 86. நாட்கணக்காக 65க்கு மேலே நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இங்கே கேட்கவும் வேண்டுமா, கரப்புடுப்பின் வெல்வெட்டில் வெள்ளை பூத்துவிட்டது. வெயிலில் போடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சாயம் போய்விடும் என்று பயந்து, முகமூடி போட்டு, விறாந்தை நிழலில் காயவிட்டு மெல்லிய பிரஷால் தட்டினேன். (மருதமுனைக் கைத்தறித் துண்டொன்றைப் பாதி மறைத்து யன்னலில் இரண்டு மாதம் ஒட்டிவைத்திருந்தேன், மறைக்காத பாதி நன்றாகவே வெளிறியிருந்தது. இப்போது அந்த யன்னலுக்கு இரட்டைத் திரை.)

சிலிக்கா ஜெல் அரைக் கிலோ வாங்கி அலுமாரிக்குள் வைத்தது சுத்த வீண்செலவு. இடைவெளியுள்ள அலுமாரி, இரண்டே நாளில் நீல மணியெல்லாம் ரோசாவாகிவிட்டது. ஊர்க்காற்றையே உலர்த்தப் பார்த்திருக்கிறேன். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் கொப்பிகளை மட்டும் வைத்துப் பக்கத்தில் ஒரு கிண்ணம் ஜெல் வைத்தபோதுதான் 50க்கு இறங்கியது. மற்றதெல்லாம் காசில்லாத வேலை: அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கல் அடுக்கி ஓரடி உயர்த்தினேன், மழையில்லாத மதியத்தில் மட்டும் யன்னல் திறக்கிறேன்.

கொப்பிகளை இறால்போலச் சின்ன வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. மருந்தடிக்க மனமில்லை. பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, மீன் வியாபாரம் செய்யும் கூட்டாளியின் டீப் ஃபிரீசரில் இரண்டு கிழமை வைத்தேன், எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் கொப்பியே வியர்த்துவிடும். மீன் மணம் பிடிக்கவில்லை என்று நான் சொல்கிறேன், என் மனைவி ஒத்துக்கொள்வதில்லை. ஓலைச்சுவடிக்கு அலசிக் காயவைத்த பருத்தித் துணி சுற்றியதோடு சரி, லேமினேட் பண்ணச் சொன்னவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

இடையில் ஒரு பொடியன் வளவு கொத்தும்போது கிடைத்ததென்று வி.ஓ.சி. (ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், கிழக்கிந்தியக் கம்பனி) செப்புக் காசொன்று கொண்டுவந்தான், 1744 என்று வருடம் தெளிவாக இருந்தது. மட்டக்களப்புக் கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது, அவர்களுடைய காசு இங்கே கிடைப்பதில் புதினமில்லை. ஆனால் 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன, மண்ணில் கிடைத்தால் அறிவிக்க வேண்டும். படம் மட்டும் எடுத்துவிட்டு அவனையும் தகப்பனையும் தொல்பொருள் திணைக்களத்துக்கு அனுப்பினேன்.

இந்த வைகாசியில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வந்து நின்றார். "மனே, அந்த முடிய அரங்கேற்றத்துக்குத் தருவியா?" கண்ணாடித் துண்டு பதித்த பழைய மரமுடி, பொன்தாள் பாதி உரிந்தது, வியர்வை படக்கூடாத சாமான். கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் சண்டை. நூதனசாலைக்கு வந்தது வெளியே போகக்கூடாது என்று பாதிப்பேர், தலையில் ஏறாத முடி என்ன முடி என்று மீதிப்பேர். ஆட வந்த முடியைப் பூட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. நாலு பக்கமும் படமெடுத்து, உதிரும் இடங்களைக் குறித்து, புதுப் பொன்தாள் ஒட்டினால் எங்கே ஒட்டியது என்று சொல்ல வேண்டும் என்ற பேச்சோடு கொடுத்தேன். பதிவேட்டில் அண்ணாவியாரின் கையொப்பம் இருக்கிறது.

இப்போது அந்தத் தட்டில் ஒரு துண்டு மட்டும்: "இலக்கம் 31. முடி ஆடப் போயிருக்கிறது." இதுவரை நாலு பேர் அரங்கேற்றம் எந்தத் திகதி என்று கேட்டுவிட்டார்கள்.