மணிக்கட்டிலிருந்து விரலுக்கு வந்த எலும்பு

தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் கார்க் பந்தைப் பிடிக்கப் போய் வலது மோதிர விரலின் நுனியில் அடி வாங்கினேன். உடன் ஆடியவர் சொடக்கு எடுப்பதுபோல் விரலை இழுத்துவிட்டார். மறுநாள் ஒரு கிளினிக்கில் நேர்வாக்கில் மட்டும் எக்ஸ்ரே எடுத்துச் சுளுக்கு என்றார்கள். ஐந்து வாரமாகியும் நடு மூட்டு வீங்கியபடியே இருந்தது; சாதம் பிசையக்கூட விரல் மடங்கவில்லை.

பிறகு பார்த்த கை அறுவை நிபுணர் முதலில் கேட்டது பக்கவாட்டு எக்ஸ்ரேயைத்தான். மோதிர விரலின் மூன்று எலும்புகளில் நடுவிலுள்ளதன் அடிப்பாகத்தில் உள்ளங்கைப் பக்கத்துப் பாதி நொறுங்கியிருந்தது. எலும்பு புறங்கைப் பக்கமாக நழுவ, மூட்டில் ஆங்கில 'வி' வடிவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அந்த உள்ளங்கைப் பக்க விளிம்பில் சிறு பகுதி மட்டும் உடைந்திருந்தால் விரலை மடக்கிவைத்தே ஆற்றலாமாம். பாதி போய்விட்டால் மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தடுப்பே இருக்காது, தூளான துண்டுகளில் திருகும் நிற்காது.

அதற்கு அவர் சொன்ன மாற்று, மணிக்கட்டிலுள்ள ஹேமேட் எலும்பு. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகள் அதன்மேல் வந்து பொருந்தும் இடத்தில் இரு குழிவுகளும் நடுவே ஒரு மேடும் உண்டு. உடைந்த விரலெலும்பின் அடியிலும் ஏறக்குறைய அதே அமைப்புதான். இடுப்பெலும்பிலிருந்து வெட்டியெடுத்துப் பொருத்தும் ஒட்டில் கிடைக்காத குருத்தெலும்புப் பரப்பும் இதில் சேர்ந்தே வருகிறது. விரலின் உட்புறத்தை வளைந்து வளைந்து கீறி, மடக்கு தசைநாண்களை ஒதுக்கி, மூட்டைப் பின்னோக்கி முழுதாக விரித்து, பள்ளத்தை அளந்து, அதே அளவில் புறங்கை வழியே வெட்டியெடுத்த துண்டை ஒன்றரை மில்லிமீட்டர் விட்டத்தைத் தாண்டாத இரண்டு திருகுகளால் பொருத்தினார்கள். கை மட்டும் மரத்திருந்ததால் துளையிடும் சத்தம் எனக்குக் கேட்டது. அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

உண்மையான பாடு அதன் பிறகுதான். முதல் வாரத்திலேயே, விரல் முழுதாக நீளாதபடி தடுக்கும் ஸ்பிளிண்டுக்குள் மடக்கிப் பழகச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். வலிக்குப் பயந்து இரண்டு நாள் ஏமாற்றினேன். மூன்றாம் நாள் விரலைத் தொட்டதுமே அவர் கண்டுபிடித்துவிட்டார். இப்போது விரல் 85 டிகிரி மடங்குகிறது, நீட்டுவதில் 15 டிகிரி பாக்கி.

கடைசி எக்ஸ்ரேயில் ஒட்டுக்கும் பழைய எலும்புக்கும் இடையே ஒரு படி தெரிந்ததும் பதறிப்போனேன். ஹேமேட்டின் குருத்தெலும்பு தடிமன் கூடியது, குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது, ஆகவே படமே படி காட்டும், மூட்டின் பரப்பு சமமாகத்தான் இருக்கிறது என்று விளக்கிவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே அழைத்தார் மருத்துவர்.