நடுவில் போடு

21 நவம்பர் 2023, செவ்வாய்

எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், பந்தோடு முன்னேறும் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச் (கோஆர்டினேட்டர்) மேட் கனடாவை நீக்கிவிட்டது. மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. என் கணவர் போனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். எதிர் நாற்காலிப் பெண்மணி கழுத்தில் ஸ்டீலர்ஸ் ரசிகர்களின் மஞ்சள் துண்டைப் போட்டிருந்தார். அவருக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள் போல, துண்டை எடுத்துத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். நர்ஸுக்குச் சிரிப்பு. சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போது கோச்சை அனுப்புவது ஸ்டீலர்ஸ் வழக்கமே இல்லை. 1941க்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம்.

22 நவம்பர்

இரவு முழுக்க வாந்தி.

24 நவம்பர்

இன்று கொஞ்சம் ரசம் சாதம் இறங்கியது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். எல்லாம் கனடாவைப் பற்றித்தான்.

எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இந்த வருஷம் முதல் ஒன்பது ஆட்டத்திலும் எதிர் டீம்தான் நம்மைவிட அதிக யார்டு எடுத்தது, அதாவது பந்தை அதிக தூரம் முன்னே கொண்டுபோனது. ஒன்பதிலும். அப்படியும் ஆறு ஜெயித்தோம். டி.ஜே. வாட்டும் எதிர் டீமைத் தடுக்கும் மற்ற டிஃபென்ஸ் ஆட்களும் கடைசி வரை பிடித்து வைத்துக்கொள்வார்கள், கடைசிக் கால்மணியில் ஏதோ ஒன்று நடக்கும், வெளியே பார்த்தால் 6-3. ஆறு ஜெயித்த டீமை யார் குறை சொல்வார்கள்? போன ஞாயிறு கிளீவ்லாந்தில் 13-10 தோற்ற பிறகுதான் கதவு திறந்தது.

வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், அவரும். செப்டம்பர் வரை.

"நடுவுல போடவே மாட்டேங்கிறான்மா" என்பார் ஒவ்வொரு ஞாயிறும். பந்து எப்போதும் ஓரத்துக்குப் போகும், எல்லைக்கோட்டை ஒட்டி, அல்லது பின்னாலேயே இரண்டு யார்டில் ஒரு சின்ன பாஸ். மைதானத்தின் நடுப்பகுதி ஏதோ வேலி போட்ட நிலம் மாதிரி சும்மா கிடக்கும். ஓரத்தில் மட்டுமே வீசினால் எதிர் டிஃபென்ஸ் காக்க வேண்டிய இடம் பாதியாகிவிடுகிறது, கோடே அவர்களுக்குக் கூடுதல் ஆளாக நிற்கிறது. ஃபிரையர்முத் மாதிரி நடுவில் பந்து பிடிக்க ஏற்ற ஆறடி ஐந்தங்குல டைட் எண்டை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தார்கள்.

இப்போதைக்கு ஓட்டக்காரர்களின் கோச் எடி ஃபாக்னர் கோஆர்டினேட்டர். ஆட்டத்தின்போது பிளே சொல்வது, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் கோச் மைக் சல்லிவன். ஒரு வேலைக்கு இரண்டு பேர்.

26 நவம்பர், ஞாயிறு

421 யார்டு! 58 ஆட்டமாக 400ஐத் தொடாத டீம். ஃபிரையர்முத்துக்கு மட்டும் 9 கேட்ச், 120 யார்டு. எல்லாம் நடுவில், நடுவில். சின்சினாட்டியை 16-10. "பாத்தியா, பாத்தியா" என்று அவர் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார், டியூபோடு.

பாயிண்ட் 16தான் என்பதை நான் சொல்லவில்லை.

7 டிசம்பர்

நியூ இங்கிலாந்திடமும் தோல்வி. போன ஞாயிறு அரிசோனா, இன்று இவர்கள். இரண்டுமே அதுவரை இரண்டே ஆட்டம் ஜெயித்திருந்த டீம்கள். அவர் முதல் பாதியிலேயே தூங்கிவிட்டார். எழுப்பவில்லை.

12 டிசம்பர், செவ்வாய்

ரத்த அணு எண்ணிக்கை குறைவு. மருந்து ஏற்றவில்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஸ்குரல் ஹில் டனலில் மாட்டிக்கொண்டோம்.

23 டிசம்பர், சனி

வைகுண்ட ஏகாதசி. விடியற்காலையில் நான் மட்டும் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தேன். கூட்டத்துக்குள் அவரைக் கூட்டிப்போக முடியாது. அவர் செருப்பை மட்டும் ஏனோ காரிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஆட்டம். குவார்ட்டர்பேக்காக மேசன் ருடால்ஃப் கையில் பந்து. ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, நடுவில் ஒரு சின்ன பாஸ், பிக்கன்ஸ் பிடித்து 86 யார்டு ஓடினார். எண்பத்தாறு. 34-11 ஜெயம்.

பழைய ஸ்டீலர்ஸ் வீரர் ஃபிராங்கோ ஹாரிஸ் தரையைத் தொடப்போன பந்தை அள்ளிக்கொண்டு ஓடியதும் இதே டிசம்பர் 23, 1972இல். போன வருஷம் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குச் சில நாளே இருக்கும்போது இறந்துபோனார். அந்த இரவு இவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தது ஞாபகம் வருகிறது. அப்போதே உடம்பு சரியில்லாமல் இருந்திருக்குமோ? வயிற்றைப் பிடித்துக்கொண்டாரா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

31 டிசம்பர்

சியாட்டிலில் 30-23. எனக்கு ஜெயித்த சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். இப்படியே ஜெயித்தால் ஃபாக்னரையோ சல்லிவனையோ நிரந்தரமாக்கிவிடுவார்கள். கனடாவுக்கு முன் இருந்த ஃபிக்ட்னரும் உள்ளேயிருந்து வந்தவர். கனடாவும் இந்த வேலைக்கு வருவதற்கு முந்தைய வருஷம் இங்கே குவார்ட்டர்பேக் கோச்தான். வெளியிலிருந்து கடைசியாக வந்தவர் டாட் ஹேலி, 2012இல். உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். புதிதாக ஒரு கண் பார்க்க வேண்டும். வேறொரு டாக்டரிடமும் காட்டலாம் என்று நான் சொன்னதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

6 ஜனவரி 2024

பால்டிமோரில் மழையில் 17-10. வாட்டுக்கு முழங்கால் போய்விட்டது.

8 ஜனவரி

நள்ளிரவு தாண்டியதும் அட்லாண்டா தன் தலைமைக் கோச் ஆர்தர் ஸ்மித்தை நீக்கியிருக்கிறது. அவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். நேற்று நடக்க வேண்டிய ஆட்டம், பஃபலோவில் பனி கொட்டியதால் இன்றைக்குத் தள்ளிப்போனது. காலையில் பால் பொங்கியபோது அவர் அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார். நாக்கில் எதுவும் தெரியவில்லை என்றார், இனிப்பா உப்பா என்றுகூட.

21-0 என்று பஃபலோ பக்கம் போனது. பிறகு கொஞ்சம் எழுந்தார்கள். 31-17 தோல்வி.

சீசன் முடிந்ததும் வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் நாங்கள் கடைசியாக ஜெயித்தது இதே ஜனவரி 15, 2017இல். சரியாக ஏழு வருஷம். கான்சஸ் சிட்டியில் 18-16. அந்த 18ம் பாஸ்வெல் உதைத்த ஆறு ஃபீல்டு கோல். டச்டவுன் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கும் சரி, இந்த டீம் முழு ஆட்டம் ஆடி ஜெயிக்கவில்லை, எப்படியோ தப்பித்தது. நாங்கள்தான் கத்திக் கொண்டாடினோம். பையன் அப்போது ஆறாம் வகுப்பு. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இவர் வீட்டைச் சுற்றி ஓடினார், பனியில், வெறும் சாக்ஸோடு.

18 ஜனவரி

தலைமைக் கோச் டாம்லின் பேசினார். கோஆர்டினேட்டரை வெளியிலிருந்துதான் எடுக்கப்போகிறாராம். அப்பாடா! பெட்ரூமுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "யாரு?" என்றார். இன்னும் தெரியாதுங்க என்றேன்.

2007லிருந்து டாம்லின்தான் தலைமைக் கோச். ஒரு சீசனில்கூடத் தோல்வி ஜெயத்தைத் தாண்டியதில்லை. அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அதனாலேயே எதையும் மாற்ற மனம் வராமல் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

19 ஜனவரி

ஆள் கிடைச்சாச்சா?

காலையில் கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி.

26 ஜனவரி, வெள்ளி

ஒவ்வொரு நாளும் ஒரு பெயர். ஜெரட் ஜான்சன், ஹியூஸ்டனின் குவார்ட்டர்பேக் கோச். அங்கே புது குவார்ட்டர்பேக் ஸ்ட்ரவுடுக்கு முதல் வருஷம் அவ்வளவு நன்றாக அமைந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. ஸாக் ராபின்சன், ராம்ஸ் டீமின் தலைமைக் கோச் மெக்வேயிடம் பாடம் கேட்டவர். தாமஸ் பிரவுன், கரோலினா. அப்புறம் ஆர்தர் ஸ்மித்.

இந்த வேலைகளுக்குக் கறுப்பினத்தவர் போன்ற சிறுபான்மையினரையும் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும் என்ற விதிக்கு இந்த டீமின் பழைய முதலாளி டான் ரூனி பெயர்தான். 2003இல் தலைமைக் கோச்சுகளுக்கு என்று வந்தது, பிறகு கோஆர்டினேட்டர்களுக்கும் வந்தது. ஜான்சனுக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு. இளைஞர், பேச்சில் பொறுமை தெரிகிறது. இவருக்கு ராபின்சன். "மெக்வே பள்ளிக்கூடம்னா நடுவுலதான் போடுவான்" என்கிறார்.

ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து இருவரும் போனில் தேடினோம். ஒன்றும் புதிதாக இல்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

28 ஜனவரி

இன்றும் இல்லை. ஸ்கேன் முடிவும் வரவில்லை.

30 ஜனவரி, செவ்வாய்

ஆர்தர் ஸ்மித்.

மறுபடியும் நாற்காலியில் இருந்தபோதே வந்தது செய்தி. இந்தத் தடவை நான்தான் முதலில் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தேன். டென்னசியில் 2019, 2020 இரண்டு வருஷம் கோஆர்டினேட்டர். 2019 சீசன் நடுவில் டானஹில்லைக் குவார்ட்டர்பேக்காகக் கொண்டுவந்து நிறுத்தி அரையிறுதி வரை போனார்கள். அடுத்த வருஷம் டெரிக் ஹென்றி 2,027 யார்டு ஓடினார். ஓடுவதுபோல் காட்டி நடுவில் வீசுவதுதான் ஸ்மித்தின் பலம் என்று படித்ததும் இவர் கண்ணைத் திறந்தார்.

"நடுவுலயா?"

"நடுவுலதாங்க."

பிளேஆஃபில் ஜெயித்தாக வேண்டும், இதுவரை போதும் என்று டீம் முதலாளி ஆர்ட் ரூனி பேசியதையும் படித்துக் காட்டினேன். மஞ்சள் துண்டுப் பெண்மணியைக் காணோம். நர்ஸிடம் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

2 பிப்ரவரி

ராபின்சன் அட்லாண்டாவுக்குப் போகிறார். ஸ்மித்தை அனுப்பிய அதே டீமுக்கு.

எனக்கு ஸ்மித்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. அட்லாண்டாவில் மூன்று வருஷமும் ஏழு ஜெயம், பத்துத் தோல்வி. கைல் பிட்ஸ், டிரேக் லண்டன், பிஜான் ராபின்சன் என்று மூன்று வருஷமும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் பத்துக்குள் எடுத்த ஆட்கள், அவர்களுக்குப் பந்து போகவில்லை என்று அங்கே எல்லோரும் புலம்பினார்கள். இங்கே பிக்கன்ஸுக்கும் அதேதானா? ஆனால் ஹேலியும் கான்சஸ் சிட்டியில் தலைமைக் கோச்சாக இருந்து நீக்கப்பட்ட பிறகுதான் இங்கே வந்தார், வந்து நன்றாகவே செய்தார். தலைமை வேறு, இந்த வேலை வேறு. ஒன்றில் சரிப்படாதவர் இன்னொன்றில் கெட்டிக்காரராக இருக்கலாம். முதல் ஆட்டம் செப்டம்பரில்தான். ஏழு மாதம் இருக்கிறது.

ஏழு மாதம்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "நல்ல ஆளுதானேம்மா?" என்றார். நல்ல ஆளுதாங்க என்றேன்.

4 பிப்ரவரி

பையன் காலேஜிலிருந்து வந்திருக்கிறான். அப்பாவும் மகனும் பழைய டென்னசி ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இங்க நிறுத்துடா, அந்த டைட் எண்டைப் பாரு" என்று குரல் கேட்கிறது.

5 பிப்ரவரி, திங்கள்

ஸ்கேன் பற்றிப் பேச நாளை இருவரையும் வரச் சொல்லி போன் வந்தது. காலை எட்டு மணி. டனலில் கூட்டம் இருக்கும், ஏழுக்கே கிளம்ப வேண்டும்.